நாய்க்கும் கோழிக்கும் நட்ட கல்

"உங்கள் வட்டாரத்தில் உள்ள விசித்திரமான சிலை அல்லது நினைவுச் சின்னம் எது?" என்ற கேள்விக்கு, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன் என்ற முறையில், எடுத்தனூர் நடுகல்லையே முதலில் சொல்வேன்.

செங்கம் வட்டாரத்து ஊர்களில் நடுகற்கள் ஏராளம். பெரும்பாலானவை ஆநிரை கவர்வதிலோ மீட்பதிலோ மாண்ட வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. எடுத்தனூர்க் கல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மாமன்னன் பெயர் காலத்தைக் குறிக்க மட்டுமே அதில் வருகிறது. கல் எடுக்கப்பட்டதோ, எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்னும் இளைஞனுக்கு. வில்லும் வாளும் ஏந்திய அவன் உருவத்தின் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதற்கென்று தனியாக ஒரு வாசகமும் உண்டு: கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். எசமானுக்கு ஒரு குறிப்பு, நாய்க்கு ஒரு குறிப்பு, அதுவும் பெயர் சொல்லி!

விழுப்புரம் மாவட்டத்தில் இதையும் மிஞ்சுகிறார்கள். அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் கிடைத்த, ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்களில் மனித உருவமே இல்லை. இருப்பது சண்டைச் சேவல். முதல் கல் முகையூர் மேற்சேரிக்காகப் (சேரி என்றால் அன்று ஊரின் ஒரு குடியிருப்புப் பகுதி) பொருது மாண்ட கோழியையும், இரண்டாவது கீழ்ச்சேரியின் கோழியான பொற்கொற்றியையும் குறிப்பிடுகின்றன. ஒரு சேரியின் மானம் ஒரு சேவலின் காலில் தொங்கியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று நம் ஊர்ச் சந்திகளில் நிற்கும் சிலைகளில் பெரும்பாலானவை தமிழகம் முழுதும் அறிந்த தலைவர்களுக்கு உரியவை. அவற்றில் பலவற்றைக் கூண்டுக்குள் வேறு அடைத்திருக்கிறோம். அந்தச் சிலையை அடுத்த ஊருக்கு மாற்றி வைத்தாலும் எவருக்கும் வேறுபாடு தெரியாது. நடுகல்லோ இன்னார், இந்த ஊரில், இதற்காக இறந்தார் என்று அந்த மண்ணை விட்டு நகராமல் பேசுகிறது. அரசன் ஆணைக்குக் காத்திராமல், இறந்தவரின் உறவினரும் ஊராரும் தம் ஆட்களுக்குத் தாமே எடுத்துக்கொண்ட சிலைகளாகவே இவற்றுள் பலவற்றை நான் பார்க்கிறேன்.

இக்கற்களில் பல இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலிட்டுப் படைக்கிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்துகள் மறைந்துபோகின்றன என்று ஆய்வாளர்கள் வருந்துவது நியாயம்தான். ஆயினும், சாமியாக இருந்ததனால்தான் சில கற்கள் வேலிக்கல்லாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போகாமல் தப்பின என்பதையும் மறுக்க இயலாது. தனித்துக் கிடப்பவற்றையும் ஆபத்தில் இருப்பவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லலாம். படையல் நடக்கும் கல்லை அங்கேயே விட்டுவிடுவதே முறை என்பது என் கருத்து. தருமபுரி அருங்காட்சியகத்தில் பல நடுகற்களை ஒருசேரப் பார்க்கலாம்.

நேரில் செல்பவர்கள் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் புடைப்பு உருவமும் எழுத்தும் தெளியும். உச்சிவேளையில் வெறும் பலகைக்கல்லாகத்தான் தெரியும். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே போதும்.