நான் வாக்களிக்காத ஆட்சிக்காக ஜெபிக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் சபையில் ஆராதனைதோறும் ஆட்சியாளர்களுக்காக ஜெபிப்பது வழக்கம். இப்போது பதவியில் இருப்பவர்களுக்கு நான் வாக்களிக்கவில்லை. அவர்கள் செய்யும் அநியாயம் கண்முன்னே தெரிகிறது. "ஆமென்" சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த மாதம் அந்த ஜெபத்தை நடத்தும் முறை என்னுடையது. அவர்களுக்காக ஜெபித்தால் அவர்களை ஆதரித்ததாக ஆகாதா? என்ன சொல்லி ஜெபிப்பது?

பதில்: ஆகாது, சகோதரி. உங்கள் மனம் உறுத்துவது நல்லதுதான். அநியாயத்தைக் கண்டும் உறுத்தாத மனதோடு இந்த ஜெபத்தை ஏறெடுப்பதுதான் ஆபத்து.

எல்லாரும் எடுத்துக்காட்டும் 1 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லும் பவுல், அதன் நோக்கத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறார்: "நாம் எல்லாப் பக்தியோடும் நல்லொழுக்கத்தோடும் கலகமில்லாமல் அமைதலுள்ள ஜீவனம்பண்ணும்படிக்கு." ஆள்பவரின் புகழோ, அவருடைய பதவி நீடிப்பதோ அங்கே பேச்சே இல்லை. மக்கள் நிம்மதியாக வாழ வேண்டும் என்பதே நோக்கம். பவுலின் கடைசி ஆண்டுகளில் ரோமில் ஆட்சி செய்த பேரரசன் நேரோ (கி.பி. 54–68). அவனுக்கு யாரும் வாக்களிக்கவில்லை. அவனுடைய ஆட்சியில்தான் ரோம் நகரக் கிறிஸ்தவர்கள் கொடுமையாகக் கொல்லப்பட்டார்கள். ஆளுகிறவர் நல்லவரா என்று பார்த்துவிட்டு ஜெபிக்கலாம் என்றிருந்தால், ஆதிச்சபை இந்த ஜெபத்தைத் தொடங்கியே இருக்காது.

இதைவிடக் கடினமான இடம் எரேமியா 29. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தைச் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். வீடு போனது, நிலம் போனது, ஆலயத்தின் பொக்கிஷங்கள் போயின. அந்த மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் கர்த்தர் சொன்னது: "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதின் சமாதானத்திலே உங்களுக்கும் சமாதானமிருக்கும்." பாபிலோன் செய்தது சரி என்று அந்தக் கடிதத்தில் எங்கும் இல்லை. எழுபது வருஷம் நிறைவேறியபின் உங்களைத் திரும்பவரப்பண்ணுவேன் என்ற வாக்குறுதியும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சிறையிருப்பில் வாழ்ந்தவர் தானியேல். நேபுகாத்நேச்சார் தள்ளுண்டு போவான் என்ற சொப்பனத்தின் அர்த்தம் தெரிந்தபோது தானியேல் மகிழ்ந்திருக்கலாம். தன் நகரத்தை அழித்தவன் விழப்போகிறான் அல்லவா? அவரோ திகைத்துக் கலங்கினார், இந்தச் சொப்பனம் ராஜாவின் சத்துருக்களுக்குப் பலிக்கட்டும் என்றார். பிறகு மழுப்பாமல் அவன் முகத்துக்கு நேரே சொன்னார்: நீதியைச் செய்யும், சிறுமையானவர்களுக்கு இரங்கும், உமது அக்கிரமங்களை அகற்றிவிடும் (தானியேல் 4). அந்தக் கலக்கமும் இந்தக் கண்டிப்பும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன. நாள்தோறும் மூன்று வேளை முழங்காலில் நின்றவர் அவர். ஆள்பவருக்காக ஜெபிப்பதால் நமக்குள் நடக்க வேண்டியது இதுதான் என்று நான் நம்புகிறேன்: வெறுப்பு கரைய வேண்டும், உண்மையைச் சொல்லும் தைரியம் கரையக் கூடாது.

முதல் நூற்றாண்டுகளின் விசுவாசிகள் இன்னொன்றையும் தெளிவாக வைத்திருந்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஏறக்குறைய கி.பி. 197-இல் ரோம அதிகாரிகளை நோக்கி எழுதினார்: பேரரசரின் நீண்ட ஆயுளுக்காகவும் உண்மையுள்ள ஆலோசனைச் சபைக்காகவும் (செனட்) உலக சமாதானத்துக்காகவும் நாங்கள் ஜெபிக்கிறோம், ஆனால் அவரைக் கடவுள் என்று சொல்ல மாட்டோம். ஒருவருக்காக ஜெபிப்பதே, அவரும் தேவனுடைய தயவில்லாமல் நிற்க முடியாத மனிதர் என்று அறிக்கையிடுவதுதான். அதனால்தான் துதிபாடல் வேறு, இந்த ஜெபம் வேறு. தலைவர்களை வானளாவப் புகழும் ஜெபத்தை மேடையில் கேட்டால் நீங்கள் "ஆமென்" சொல்லாமல் இருப்பதில் தவறே இல்லை.

சரி, என்ன சொல்லி ஜெபிப்பது? 72-ஆம் சங்கீதத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்கு உம்முடைய நீதியைத் தாரும் என்று தொடங்கி, ஏழைகள், கூப்பிடுகிற எளியவன், உதவியற்ற சிறுமையானவன் என்று அது கீழே இறங்கிப்போகிறது. உங்கள் ஜெபமும் அந்த வழியில் போகட்டும். "எங்கள் தலைவர்களை ஆசீர்வதியும்" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட வேண்டாம். இந்த வாரம் அவர்கள் முன்னே இருக்கும் ஒரு தீர்மானத்தைச் சொல்லுங்கள். அதனால் பாதிக்கப்படப்போகிறவர்களைச் சொல்லுங்கள். லஞ்சத்துக்கு மசியாத மனதையும், கசந்தாலும் உண்மையைச் சொல்லும் ஆலோசகர்களையும் கேளுங்கள். உச்சியில் இருப்பவர்கள் மட்டுமல்ல, நீதிபதி, காவலர், உள்ளூர் மன்ற உறுப்பினர், கோப்பில் கையெழுத்திடும் குமாஸ்தா எல்லாரும் "அதிகாரமுள்ள யாவரும்" என்பதில் அடக்கம். நம் அன்றாட வாழ்வைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஜெபத்தில் அதிகம் மறக்கப்படுகிறவர்களும் இவர்கள்தான்.

பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்து, இடிந்துகிடந்த எருசலேமைக் கட்ட விரும்பிய நெகேமியாவைக் கவனியுங்கள். கிஸ்லேவு மாதத்தில் தொடங்கிய அவருடைய ஜெபம் நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், நீடித்தது. ராஜா "என்ன வேண்டும்?" என்று கேட்டபோது, எத்தனை நாள் பயணம், யாருக்குக் கடிதம், எந்த வனக்காவலாளனிடம் மரம் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். ஜெபித்துக்கொண்டே விவரமும் தேடியிருக்கிறார். மனு கொடுப்பதும், வாக்களிப்பதும், அநியாயத்தை எதிர்த்து அமைதியாகக் குரல் கொடுப்பதும் ஜெபத்துக்கு விரோதமானவை அல்ல.

ஆட்சி மாற வேண்டும் என்று ஜெபிக்கலாமா? உங்கள் அந்தரங்க ஜெபத்தில் தாராளமாகக் கேளுங்கள்; ராஜாக்களைத் தள்ளி ராஜாக்களை ஏற்படுத்துகிறவர் தேவன். ஆனால் ஓர் எச்சரிக்கை. "அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்" என்ற 109-ஆம் சங்கீதத்தின் 8-ஆம் வசனத்தைச் சிலர் அரசியல் முழக்கமாக்குகிறார்கள். அடுத்த வசனம் அவனுடைய பிள்ளைகள் திக்கற்றவர்களாகவும் மனைவி விதவையாகவும் ஆகும்படி கேட்கிறது. அந்த விருப்பத்தோடு ஒருவருக்காக ஜெபிக்க முடியாது. அவர் பதவியை இழக்கட்டும் என்று கேட்கிற அதே வாயால் அவர் மனந்திரும்ப வேண்டும், அவர் வீட்டார் சுகமாயிருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். ஆரம்பத்தில் வார்த்தை மட்டும்தான் வரும், மனம் வராது. பரவாயில்லை, நிறுத்தாதீர்கள்.

சபையின் முன் நிற்கும் நாளுக்கு மட்டும் இன்னும் ஒன்று. அங்கே உங்களுக்கு மாறாக வாக்களித்தவர்களும் கண்மூடி நிற்பார்கள். கட்சிப் பெயர், குற்றச்சாட்டுப் பட்டியல் இரண்டையும் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஜெபம் என்ற பெயரில் அருகில் இருப்பவருக்குப் பிரசங்கம் செய்வதாகிவிடும். அதற்காக அநியாயத்தை மறைக்கவும் வேண்டாம். "விசாரணையின்றிச் சிறையில் இருப்பவர்களுக்கு நியாயம் கிடைக்க, ஆண்டவரே, அதிகாரத்தில் இருப்பவர்களின் கண்களைத் திறந்தருளும்" என்று நீங்கள் கேட்டால், யாருக்கு வாக்களித்தவரும் அதற்கு ஆமென் சொல்லலாம். ஜெபத்தை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு வாசியுங்கள். மனம் கொதித்துக்கொண்டிருக்கும் நாட்களில் அது மிகவும் உதவும்.