பைக்கின் முன் ஸ்ப்ராக்கெட்டை (இன்ஜின் பக்கம் செயினை இழுக்கும் சின்னப் பல்சக்கரம்) வீட்டிலேயே மாற்றுவது: கேள்வி பதில்

கோத்தகிரி: அண்ணா, கவரைத் திறந்து செயினையும் கழற்றிவிட்டேன். இப்போது நட்டைத் திருப்பினால் ஸ்ப்ராக்கெட்டும் கூடவே சுற்றுகிறது.

வரிசை மாறிவிட்டது தம்பி, செயினைத் திரும்ப மாட்டுங்கள். வீட்டில் யாரையாவது பின் பிரேக்கை நன்றாக அழுத்தச் சொல்லுங்கள், செயினே ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் நட்டைத் தளர்த்துங்கள். கியரில் மட்டும் நிறுத்திவிட்டு முறுக்காதீர்கள், அந்த பலமெல்லாம் கியர் பல்லில் போய் விழும். நட்டின் மேல் வாஷர் ஓரம் மடங்கியிருந்தால் அதை முதலில் உளியால் தட்டி நிமிர்த்துங்கள். சில வண்டிகளில் மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், மேனுவலைப் பார்த்துவிட்டு ஸ்பானரை வையுங்கள். நட்டே இல்லாமல் ஒரு தகடும் இரண்டு போல்ட்டும் மட்டும் இருந்தால் பத்து நிமிட வேலை.

குன்னூர்: முன்பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

பல்லைப் பாருங்கள். அரிவாள் மூக்கு மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தால் செயினும் நீண்டிருக்கும், அந்தச் செயின் புதுப் பல்லைச் சீக்கிரமே தின்றுவிடும். முன், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் செட்டாகவே வாங்குங்கள். மேட்டுப்பாளையம் ஏற்றத்தில் செயின் வழுக்கினால் பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும், அந்த இடத்தில் காசு மிச்சம் பார்க்க வேண்டாம்.

மசினகுடி: கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஆள் இருந்தால் வண்டி திணறுகிறது. முன்னால் 14, பின்னால் 42 பல். 13 போடலாமா?

போடலாம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3, 13-ஆல் வகுத்தால் 3.23. இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும், பின்னால் 45 பல் போட்டதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஆனால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும், சமவெளியில் சத்தமும் பெட்ரோலும் கூடும். மலையிலேயே ஓட்டுபவர் என்றால் தயங்காமல் போடுங்கள், வாரம் தவறாமல் கோவை போகிறவர் என்றால் 14-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். செயின் கொஞ்சம் தளரும், சக்கரத்தைப் பின்னால் தள்ளி மேனுவலில் சொன்ன தளர்வுக்கு வையுங்கள்.

உதகை: கவருக்குள் கறுப்புச் சேறாக இருக்கிறது, ஆயில் ஒழுகுகிறதா?

பெரும்பாலும் செயின் கிரீஸும் மழைச் சேறும் சேர்ந்து இறுகியதுதான். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் ஷாஃப்டைச் (தண்டு) சுற்றிப் புதிதாக ஈரம் கசிந்தால் ஆயில் சீல் (ஆயிலை உள்ளே தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது, ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி அதையும் மாற்றிவிடுங்கள். செயினில் கிளிப் லாக் (இரண்டு முனைகளையும் இணைக்கும் கண்ணியின் கிளிப்) இருந்தால் அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் கழன்று விழும். நட்டை முறுக்கியதும் வாஷர் ஓரத்தை மறுபடி மடக்க மறக்காதீர்கள்.