கொடி வாங்கும்போது துணியைப் பார்க்கும் முன் ஓரத்தைப் பாருங்கள்

கேள்வி: டாலஸ் பக்கம் புதிதாக வீடு வாங்கியிருக்கிறோம். வாசல் தூணில் மாட்ட ஓர் அமெரிக்கக் கொடி வேண்டும். கடையில் நைலான், பாலியெஸ்டர், காட்டன் என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். எது நல்லது? இன்னொன்று: பழைய பொருட்கள் சேர்ப்பதில் எனக்கு ஆசை உண்டு. 48 நட்சத்திரக் கொடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காட்டன் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: வாசலுக்கு நைலான் வாங்குங்கள். லேசான துணி, சின்னக் காற்றுக்கே விரிந்து பறக்கும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். வெட்டவெளியில் உயரமான கம்பம் நட்டு, நாள் முழுக்கக் காற்று அடிக்கிற இடம் என்றால் இரட்டை இழை பாலியெஸ்டர்தான் தாங்கும். தொட்டால் கதர் போல முரடாக இருக்கும். ஆனால் கனம் அதிகம். காற்று இல்லாத நாளில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு பொடி வித்தை உண்டு. வெறுமனே ‘பாலியெஸ்டர்’ என்று போட்டு மலிவாக விற்பது பெரும்பாலும் இந்தத் துணி அல்ல. தாவணி போல மெல்லிசான, சாயம் அச்சடித்த துணி. திருப்பிப் பாருங்கள். நல்ல கொடியில் 13 பட்டைகளும் தனித்தனியாக வெட்டித் தைத்திருக்கும், நட்சத்திரங்கள் எம்பிராய்டரியாக இருக்கும். அச்சடித்ததில் தையலே இருக்காது.

துணியைவிட முக்கியமானது ஓரம். கொடி எப்போதும் கம்பத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் கிழிய ஆரம்பிக்கும்; சாட்டை நுனி மாதிரி அடிபடுவது அந்த இடம்தான். அங்கே நான்கு வரிசைத் தையல் இருக்கிறதா என்று எண்ணுங்கள். தையல் எந்த வகை என்பதையும் கவனியுங்கள். அரிசி மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது சரியான நூலை இழுத்தால் சரசரவென்று முழுவதும் அவிழ்ந்துவிடும் அல்லவா? அந்தச் சங்கிலித் தையல் கொடிக்கு ஆகாது. சட்டையில் வருகிற மாதிரி மேல் நூலும் கீழ் நூலும் பூட்டிக்கொள்ளும் தையல் வேண்டும். கம்பத்துப் பக்கம் கெட்டியான கான்வாஸ் பட்டையும், துருப்பிடிக்காத பித்தளை வளையமும் இருக்க வேண்டும். ஓரம் நைந்து போனால் உடனே வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள். இன்னும் பல மாதம் ஓடும்.

காட்டன்? அழகு என்றால் அதுதான் அழகு. ஆனால் வெயிலில் வெளிறும், மழையில் ஊறிக் கனக்கும். வீட்டுக்குள் வையுங்கள்.

சரி, அந்த 48 நட்சத்திரத்துக்கு வருவோம். மாநிலத்துக்கு ஒரு நட்சத்திரம் என்பது கணக்கு. 1912 ஜூலை 4 முதல் 1959 ஜூலை 3 வரை, 47 வருடம் அதுதான் நாட்டின் கொடி. வரிசைக்கு 8 வீதம் 6 வரிசை. இத்தனை காலம் தைத்திருக்கிறார்கள் என்பதால் அது அபூர்வப் பொருளே அல்ல; ‘அபூர்வம்’ என்று சொல்லி விலை ஏற்றினால் நகர்ந்துவிடுங்கள். அடுத்து வந்த 49 நட்சத்திரம் ஒரே வருடம்தான் இருந்தது. 1960 ஜூலை 4 முதல் இன்றுவரை 50.

நட்சத்திரத்தின் எண்ணிக்கை வயதுக்குச் சான்று ஆகாது. 48 நட்சத்திரக் கொடியை இன்றைக்கும் புதிதாகத் தைத்து விற்கிறார்கள், சிலர் தேநீரில் முக்கிப் பழுப்பேற்றுகிறார்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய ‘போர்க்காலக் கொடி’யை வீட்டில் இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தேன், தையல் நூல் முழுக்க நீலமாக ஜொலித்தது. அந்தப் பளபளப்பு பிற்காலச் செயற்கை நூலிலும் வெண்மையூட்டியிலும் வருவது. ஒரு எச்சரிக்கை: பழைய கொடியை யாராவது இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் துணி மின்னும். அதனால் துணியைவிட நூலைப் பாருங்கள்.

நைப்பும் ஒரு சாட்சி. உண்மையாகப் பறந்த கொடியில் ஓரம் தேய்ந்திருக்கும், கம்பத்துப் பக்கம் அழுக்கும் வளையத்தைச் சுற்றிக் கறையும் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பழுப்பு என்றால் சந்தேகப்படுங்கள். கம்பளிக் கொடி என்றால் பூச்சி அரித்த ஓட்டைகள் சகஜம். அளவையும் கேளுங்கள்: 5 அடிக்கு 9½ அடி என்றால், படைவீரர் ஒருவரின் சவப்பெட்டி மீது போர்த்திய கொடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சுவரில் மாட்டுவதா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

வாங்கியதும் துவைத்துவிடாதீர்கள். பழைய சிவப்புச் சாயம் வெள்ளைப் பட்டையில் இறங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. ஒளிதான் பெரிய எதிரி. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும், அமெரிக்க தேசிய கீதம் பாடும் அந்த 1813ஆம் வருடத்து மெக்ஹென்றி கோட்டைக் கொடியை, நட்சத்திரம் காட்டன், மற்றதெல்லாம் கம்பளி, மங்கிய வெளிச்சத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நீங்களும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிருங்கள். படச்சட்டத்துக்குப் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள், கொடியைப் பசை வைத்து ஒட்டாமல் பின்துணியில் மெல்லத் தைக்கச் சொல்லுங்கள், கண்ணாடி துணியைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். குறுக்காக மாட்டினாலும் நெடுக்காகத் தொங்கவிட்டாலும் நீலக் கட்டம் பார்ப்பவருக்கு இடது மேல் மூலையில் வர வேண்டும். படச்சட்டம் போட்டுத் தருகிறவர்கள் இதை மாற்றிச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.