ஸ்லவ் அலுவலகமும் ஸ்க்ரான்டன் அலுவலகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நகைச்சுவை பற்றிய உங்கள் சென்ற மாதக் கட்டுரையில் ‘தி ஆபீஸ்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றி ஒரு வரி வருகிறது. இரண்டு வடிவங்களில் பிரிட்டிஷ் வடிவமே கருணை மிக்கது என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது விளங்கவில்லை. அமெரிக்க ஆபீஸை இரண்டு முறை முழுதாகப் பார்த்தவன் நான். வேலைக்காக வெளியூர் வந்து தனியாக இருந்த நாட்களில் இரவுச் சாப்பாட்டுக்கு அதுதான் துணை. உங்கள் வரியைப் படித்துவிட்டு பிரிட்டிஷ் தொடரைத் தொடங்கினேன், இரண்டாவது எபிசோடோடு நிறுத்திவிட்டேன். அதில் வரும் மேலாளர் டேவிட் பிரென்ட் வாயைத் திறந்தாலே எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகுகிறது. அமெரிக்க வடிவத்தின் மேலாளர் மைக்கேல் ஸ்காட்டும் அசட்டுத்தனம் செய்கிறவர்தான், ஆனால் அவர்மேல் அன்பு வருகிறது. பிரென்டை எழுதியவர்களுக்கு அவர்மேல் துளி இரக்கமும் இருந்ததாகத் தெரியவில்லை. இதில் கருணையை எங்கே கண்டீர்கள்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது எபிசோடில் நிறுத்தியதற்காக வருந்த வேண்டாம். முதல் முறை பார்த்தபோது நானும் நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தக் கூச்சம் உண்மையானது. அதை உண்டாக்கத்தான் பிரென்டாக நடித்த ரிக்கி ஜெர்வைஸும் அவரோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய ஸ்டீவன் மெர்ச்சன்டும் அத்தனை பாடுபட்டு எழுதினார்கள். நான் சொன்ன கருணை அந்தக் கூச்சத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு வருவது. நீங்கள் அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் இரவுச் சாப்பாட்டுக்குத் துணையிருந்தவை 201 எபிசோடுகள். 2005 மார்ச்சில் என்பிசி என்ற அமெரிக்கச் சேனலில் தொடங்கி 2013 மே வரை ஒன்பது சீசன்கள். பிபிசியில் வந்ததோ மொத்தமே 14. 2001-ல் ஆறு, 2002-ல் ஆறு, 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு. அதோடு கதையை முடித்துவிட்டார்கள். இரண்டு தொடர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பாதி இந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது. ஒரு ஆளை 14 முறை மட்டும் சந்திக்கப்போகிறோம் என்றால் அவரைச் சகிக்க முடியாதவராக எழுதலாம். எட்டு வருடம் வாராவாரம் வீட்டுக்கு வரவேண்டிய ஆளை அப்படி எழுத முடியாது.

நேரக் கணக்கு இன்னொன்று. பிபிசியில் விளம்பரம் கிடையாது. அரை மணி என்றால் ஏறக்குறைய முழு அரை மணியும் கையில் இருக்கும். அமெரிக்கச் சேனலில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடத்துக்குப் பக்கம். அந்த ஏழெட்டு நிமிடத்தில் ஜெர்வைஸும் மெர்ச்சன்டும் வைத்தது என்ன தெரியுமா? எதுவும் நடக்காத நேரம். ஜெராக்ஸ் மெஷின் தாள்களைத் துப்பிக்கொண்டிருக்கும். ஒருவர் கன்னத்தில் கை வைத்துத் திரையை வெறித்துக்கொண்டிருப்பார். பிரென்ட் ஒரு ஜோக் சொன்ன பின் யாரும் சிரிக்காமல் நகரும் ஐந்து விநாடி. பின்னணிச் சிரிப்பொலி இல்லாததால் அந்த ஐந்து விநாடியை நாம்தான் சுமக்க வேண்டும். உங்களை எழுந்து ஓடவைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

என்பிசி முதலில் அப்படியே நகலெடுக்கத்தான் முயன்றது. முதல் எபிசோடைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். ஜெல்லிக்குள் போன ஸ்டேப்ளர் முதற்கொண்டு ஏறக்குறைய ஒரே எழுத்து. ஆனால் நகல் எடுபடாது என்பதை அவர்கள் முன்பே பட்டறிந்திருந்தார்கள். 2003-ல் ‘கப்ளிங்’ என்ற பிரிட்டிஷ் தொடரை ஏறத்தாழ அதே வசனங்களோடு எடுத்து, நான்கே எபிசோடுகளில் நிறுத்தியது இதே சேனல். அதனால் அமெரிக்க வடிவத்தை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் இரண்டாவது சீசனில் மைக்கேலை மாற்றினார். படிய வாரிய தலைமுடி மாறியது. முக்கியமாக, அவருக்கு ஒரு திறமை கொடுக்கப்பட்டது. ஒரு உணவகத்தில் வாடிக்கையாளரோடு மணிக்கணக்கில் அரட்டையடித்து, உடன் வந்த மேலதிகாரி நம்பிக்கை இழந்திருக்கும் வேளையில் மைக்கேல் பெரிய ஆர்டரை வாங்கிவிடும் எபிசோடு நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து அவர் நல்ல விற்பனையாளர், மேலாளராக மட்டும் தவறிப்போனவர். நமக்கு அவரை மன்னிக்க ஒரு காரணம் கிடைத்தது. பிரென்டுக்கு அந்தக் காரணம் கடைசிவரை தரப்படவில்லை.

முதல் எபிசோடிலேயே இந்த விதை இருக்கிறது. வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணை மேலாளர் கூப்பிட்டு, போஸ்ட்-இட் தாள்களைத் திருடினாய், வேலை போச்சு என்று பொய்யாக மிரட்டுகிறார். அவள் அழுகிறாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார். இரண்டு தொடரிலும் இதே காட்சி. அமெரிக்கப் பேம் திட்டிவிட்டு எழுந்து போகிறாள், அது கோபத்தில் வரும் சாதாரண வசவு. பிரிட்டிஷ் தொடரில், ஸ்லவ் அலுவலகத்தின் டான் வசவோடு நிறுத்தாமல் அவரைப் பரிதாபமான சின்ன மனிதர் என்கிறாள். வசவைத் துடைத்துவிடலாம். இது ஒரு தீர்ப்பு, பிரென்டால் அதைத் துடைக்க முடிவதில்லை. மீதி 13 எபிசோடுகளும் அந்தத் தீர்ப்பைப் பொய்யாக்க அவர் படும் பாடுதான்.

ஊரையும் சொல்ல வேண்டும். ஸ்லவ் லண்டனுக்கு மேற்கே இருக்கும் தொழில் நகரம். 1937-லேயே கவிஞர் ஜான் பெட்ஜமன் அந்த ஊர்மேல் குண்டு விழட்டும் என்று கவிதை எழுதினார். பிரென்ட் அந்தக் கவிதையைக் கேமரா முன் வாசித்து, வரிவரியாக மறுத்துப் பேசுவார். தன் ஊருக்காக வாதாடுகிற அந்த மனிதரை என்னால் வெறுக்க முடியவில்லை. அமெரிக்க அலுவலகம் இருக்கும் ஸ்க்ரான்டன் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறது, நிலக்கரியால் வளர்ந்து பின் நொடித்த ஊர். ஆனால் அமெரிக்கத் தொடர் அந்த ஊரைக் காதலிக்கிறது. அங்கே அலுவலகம் மெல்ல மெல்ல வீடாகிவிடுகிறது. கல்யாணம், குழந்தை, தீபாவளி எல்லாம் நடக்கிறது. 2006-ல் வந்த அந்த தீபாவளி எபிசோடை எழுதியவர் கெல்லியாக நடித்த மிண்டி கேலிங், தந்தைவழியில் தமிழர், வீட்டுப் பெயர் சொக்கலிங்கம். பல எழுத்தாளர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதும்போது இப்படி ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவருகிறார்கள். இரண்டே பேர் எழுதிய பிரிட்டிஷ் தொடரில் அந்த வளம் இல்லை என்பதை மறுக்கமாட்டேன்.

ஸ்லவ் அலுவலகம் வீடாவதே இல்லை. அங்கே முதல் நாளிலிருந்து ஒரு பயம் தொங்குகிறது: ஸ்லவ், ஸ்விண்டன் இரண்டு கிளைகளில் ஒன்றை மூடப்போகிறார்கள், ஆட்குறைப்பு வரும். அது பிரென்டையே வந்து பிடிக்கிறது. வேலை போகிறது என்று அவரிடம் சொல்லும்போது அவர் நன்கொடை நாளுக்காக வேடிக்கை உடை போட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு பெரிய பறவையின் முதுகில் உட்கார்ந்திருப்பதுபோலத் தைத்த உடை. அடுத்த எபிசோடில், அதுவரை போட்டிருந்த எல்லா பாவனையும் உதிர்ந்து, தயவுசெய்து என்னை அனுப்பாதீர்கள் என்று மேலதிகாரிகளிடம் கெஞ்சுகிறார். குரல் உடைகிறது. ஜெர்வைஸின் நடிப்பில் எனக்கு அதைவிடப் பெரிய தருணம் இல்லை.

இருபத்தைந்து வயதில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்தேன். அங்கே மேலாளர் ஜோக் சொல்வார், நாங்கள் இன்கிரிமென்டை நினைத்துச் சிரிப்போம். அவரை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ஒவ்வொரு மேசையாக நின்று பேசினார். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் “சொல்லுங்க சார்” என்றேன். கிறிஸ்துமஸ் எபிசோடில் பிரென்ட் தன் நாயையும் அழைத்துக்கொண்டு பழைய அலுவலகத்துக்கு அடிக்கடி வந்து நிற்பார். இனி வராதீர்கள் என்று அவருக்குச் சொல்லிவிடுவார்கள். அந்தக் காட்சியில் நான் பார்த்தது அந்த ஸ்வீட் பாக்ஸை. முன்பு அந்த மனிதரைப் பற்றி ஒரு முறைகூட நினைத்ததில்லை. என்னை நினைக்கவைத்தது இந்தத் தொடர்தான். நான் சொன்ன கருணை இது.

இரண்டையும் ஒப்பிட ஒரே ஒரு இடத்தைச் சொல்லச் சொன்னால் மைக் காட்சியைச் சொல்வேன். ஆவணப்படம் எடுக்கிறார்கள் என்பதுதானே இரண்டுக்கும் சட்டகம், எல்லோர் சட்டையிலும் மைக் இருக்கிறது. 2002-ல் இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில், டானைக் காதலிக்கும் சக ஊழியன் டிம் எழுந்து போய், டானை ஒரு அறைக்குள் அழைத்து, சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிவிடுகிறான். கண்ணாடிக்கு வெளியே நின்று நாம் பார்க்கிறோம். ஒரு சொல்லும் கேட்காது. திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்து மைக்கை மாட்டிக்கொண்டு, அவள் மறுத்துவிட்டாள் என்ற செய்தியை மட்டும் சொல்கிறான். 2011 ஏப்ரலில் மைக்கேல் விமான நிலையத்தில் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடக்கிறார். பேம் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். இங்கேயும் நமக்கு ஒரு சொல்லும் கேட்காது. அதே மௌனம்தான், ஒன்றில் மறுப்பு, இன்னொன்றில் அணைப்பு. இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் டிம் மைக்கைத் திரும்ப மாட்டிக்கொள்கிறானே, அந்தச் சின்னச் செயல் என்னை விடுவதில்லை. மனம் உடைந்த பிறகும் மேசைக்குத் திரும்பத்தான் வேண்டியிருக்கிறது.

அமெரிக்கத் தொடர் வெல்லும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். டான், பேம் இருவருக்கும் ஓவியம் ஆசை. டானுக்கு அது கிறிஸ்துமஸ் பரிசாக வரும் வண்ணப் பெட்டியில் திரும்பக் கிடைக்கிறது. யார் கொடுத்தார்கள், அதைப் பிரித்தபின் என்ன செய்கிறாள் என்பதை நீங்களே பாருங்கள். பேமுக்கோ ஓவியக் கண்காட்சியில் கிடைக்கிறது. தோழர்கள் யாரும் சரியாகப் பார்க்காமல் போன பிறகு, கடைசியில் மைக்கேல் மூச்சிரைக்க வந்து நின்று, அவள் வரைந்த அலுவலகக் கட்டடத்தின் படத்தை விலைக்குக் கேட்கிறார். உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது என்கிறார். அந்தப் படம் தொடரின் கடைசி நாள்வரை சுவரில் இருக்கிறது, கிளம்பும்போது பேம் அதைக் கழற்றி எடுத்துச் செல்கிறாள். ஆறு வருடம் சுவரில் தொங்கிய ஒரு படத்துக்கு வரும் கனம் 14 எபிசோடில் வராது. நீளம் தரும் வரம் அது.

ஆகவே உங்கள் மைக்கேலை விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்றாவது எபிசோடிலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். பிரென்ட் வாழ்நாளெல்லாம் மெச்சுதல் கேட்டு அலைந்த ஃபின்ச் என்ற நண்பனைக் கடைசியில், தன்னோடு வந்த பெண்ணை இழிவாகப் பேசியதற்காக, விரட்டும் இடம்வரை வாருங்கள்.

ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். 2011 ஜனவரியில் ஸ்க்ரான்டன் கட்டடத்தின் லிஃப்ட் வாசலில் மைக்கேல் ஒரு ஆங்கிலேயரைச் சந்திப்பார். இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள், கட்டிக்கொள்வார்கள். அமெரிக்கத் தொடரை மட்டும் பார்த்தவருக்கு அது ஒரு விருந்தினர் வருகை. வந்தவர் பிரென்ட். பிரியும் முன் அவர் மைக்கேலிடம் கேட்பது, இங்கே வேலை ஏதாவது இருக்கிறதா என்று. இப்போதைக்கு இல்லை என்கிறார் மைக்கேல். மூன்று மாதத்தில் மைக்கேலின் நாற்காலி காலியாகிறது. அந்த வேலைக்கு நேர்முகம் கொடுக்கிறவர்களில் ஒருவராக, வீடியோ அழைப்பில் மறுபடி பிரென்ட் வருகிறார். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. 14 எபிசோடுகளையும் முடித்துவிட்டு அந்த இரண்டு சின்னக் காட்சிகளையும் திரும்பப் பாருங்கள், ஆர். பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.