உள்வளையம் எங்கிருந்து வருகிறது?

ஆர் = 1 + 2 காஸ் தீட்டா என்ற போலார் வரைபடத்தில் (தீட்டா என்பது கோணம், ஆர் என்பது மையத்திலிருந்து உள்ள தூரம்) உள்ளே ஒரு சின்ன வளையம் ஏன் வருகிறது, உங்களுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 120° முதல் 240° வரை காஸ் மதிப்பு −1/2-க்குக் கீழே போய்விடும், அங்கே ஆர் மைனஸ். மைனஸ் என்றால் அந்தக் கோணத்துக்கு நேர் எதிர்த் திசையில் புள்ளி வைக்க வேண்டும். 180°-இல் ஆர் = −1. இடப்பக்கம் பார்த்து நின்றபடி ஓரடி பின்னால் வைத்தால் (1, 0)-க்குத்தானே வருவீர்கள்? உங்கள் படத்தில் அது (−1, 0)-இல் இருக்கிறது.

அப்புறம், எடுத்தவுடன் போலார் தாளில் (மையத்தைச் சுற்றி வட்டங்களும் கோணக் கோடுகளும் போட்ட தாள்) இறங்காதீர்கள். தீட்டாவை எக்ஸ் அச்சிலும் ஆரை ஒய் அச்சிலும் வைத்து முதலில் சாதாரண அலையாக வரையுங்கள். அச்சுக்குக் கீழே இறங்கும் பகுதிதான் உள்வளையம். அந்த 2-ஐ 1 ஆக்கிப் பாருங்கள், அலை அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும், வளையமும் இருக்காது.