இயேசுவால் மட்டுமே இரட்சிப்பு என்றால், நல்லவராக வாழ்ந்த இந்துக்களின் கதி என்ன? கிறிஸ்தவராக நீங்கள் இதை நம்புகிறீர்களா?

நம்புகிறேன். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம் எங்களுடையது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமான முதல் வசனங்களில் ஒன்று யோவான் 14:6. "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்." இதற்குச் சுற்றி வளைத்து வேறு அர்த்தம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான்.

ஆனால் அம்மாவைப் பெற்ற ஆச்சி கடைசிவரை இந்து. அம்மா மட்டும் கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தார். எங்கள் வீட்டில் இருந்த வருஷங்களில் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவாள். எங்கள் சபைக் கோயிலுக்கான கைப்பிடி அரிசிக் காணிக்கை. ஞானஸ்நானம் எடுத்த நாங்கள் அதை மறந்த நாட்கள் உண்டு. நெற்றியில் திருநீறோடு நின்ற ஆச்சி மறந்ததில்லை. அவள் இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அடுத்த வாரமே ஓய்வுநாள் பள்ளி அண்ணன் ஒருவர், "ஆச்சி நரகத்துக்குத்தாம்ல போயிருப்பாங்க" என்றார். ரொம்ப சாதாரணமாக, பஸ் எங்கே போகிறது என்று சொல்வதுபோல.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். இயேசுவுக்கு வெகு காலம் முன்பே வாழ்ந்த ஆபிரகாம் இயேசு என்ற பெயரையே கேட்டதில்லை. ஆனாலும் அவனுடைய விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது என்கிறார் பவுல். அப்படியென்றால் இரட்சிப்பது கிறிஸ்து ஒருவரே என்பது ஒரு விஷயம், அந்தப் பெயரைத் தெரிந்திருந்தால்தான் இரட்சிப்பு என்பது வேறு விஷயம். கத்தோலிக்கர்கள் இந்த இடத்துக்கு வர நூற்றாண்டுகள் ஆயின. 1442-இல் புளோரன்ஸ் சங்கம் (கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பேரவை), சபைக்கு வெளியே இருப்பவர்கள் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்று எழுதியது. அதைக் கறாராகப் பிடித்துக்கொண்ட பாஸ்டன் பாதிரியார் லியோனார்ட் ஃபீனியின் விளக்கத்தை 1949-இல் ரோம் மறுத்தது. கூப்பிட்டும் ரோமுக்குப் போகாததால் 1953-இல் அவரையே சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். சபைக்கு வெளியே இரட்சிப்பில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒருவர் வெளியே போனது வேடிக்கைதான். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாமல் இருந்து, உண்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் இரட்சிப்பு அடையலாம் என்றது. அதுவும் கிறிஸ்துவின் மூலமாகத்தான். என் பெந்தெகொஸ்தே நண்பர்கள் பலர் இதை ஏற்கமாட்டார்கள். இயேசுவைக் கர்த்தர் என்று வாயால் அறிக்கையிட்டு விசுவாசித்தால் இரட்சிப்பு என்று சொல்லும் ரோமர் 10-ஐ எடுத்துக் காட்டுவார்கள்.

சரி, இதெல்லாம் கேள்விப்படாதவர்களுக்கு. ஆச்சி கேள்விப்படாதவள் அல்ல. தினமும் ராத்திரி எங்கள் குடும்ப ஜெபத்தில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பாட்டுகள் பாதி தெரியும். இத்தனை படித்தும் அவளை உள்ளே கொண்டுபோக எனக்கு ஒரு வாசலும் அகப்படவில்லை. அந்த அரிசி அவளை இரட்சித்திருக்கும் என்று சொல்லவும் முடியாது. எபேசியர் 2:8-இன்படி இரட்சிப்பு தேவனுடைய ஈவு. என் ஜெபமும் காணிக்கையும்கூட என்னை இரட்சிக்காது. அப்படிச் சும்மா கொடுக்கிறவர் யாருக்கெல்லாம் கொடுத்தார் என்ற கணக்கு என்னிடம் இல்லை. சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்குக் கடைசி நேரத்தில் இரட்சிப்பு கிடைத்ததை நினைத்துக்கொள்வேன். ஆச்சியின் கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை.

பதினான்கு வயதில் இதை எங்கள் ஐயரிடமும் கேட்டேன். (எங்கள் ஊரில் சபை குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியாதுப்பா" என்றார். அப்புறம், "ஆச்சி அரிசி போட்டு வைப்பாங்களே, இப்ப யாரு போடுதா?" என்று கேட்டார்.

யாரும் போடவில்லை.