சுற்றும் கோள் ஏன் விலகிப் போகிறது?

கேள்வி: சூரியனைக் கோள் ஒன்று சுற்றிவருவதைக் காட்டும் சிறிய நிரலைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். ஈர்ப்பு விசையின் சூத்திரத்தைப் பலமுறை சரிபார்த்தும், கோள் ஒவ்வொரு சுற்றிலும் சற்று விலகிக்கொண்டே போகிறது. பிழை எங்கே?

பதில்: சூத்திரத்தை விட்டுவிட்டு வரிகளின் வரிசையைப் பாருங்கள். பழைய இடத்தில் கணித்த முடுக்கத்தையும் பழைய திசைவேகத்தையும் கொண்டே கோளின் இடம், திசைவேகம் இரண்டையும் ஒருசேர மாற்றுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆய்லர் முறை எனப்படும் இதில், வளைந்து செல்ல வேண்டிய கோள் ஒவ்வொரு காலப்படியிலும் (நிரல் ஒருமுறை கணக்கிட்டு முன்னேறும் சிறு கால இடைவெளி) தொடுகோட்டின் வழியே நேராக நடத்தப்படுவதால், பாதைக்குச் சற்று வெளியே போய் நிற்கிறது.

இதைச் சுருள்வில்லில் கட்டிய ஒரு துகளைக் கொண்டு எளிதில் கணக்கிடலாம். நிறையும் வில்லின் மாறிலியும் 1, காலப்படி 0.1 என்று வையுங்கள். ஒவ்வொரு படியிலும் மொத்த ஆற்றல் 1.01 மடங்காகிறது; உராய்வும் இல்லை, தள்ளுவாரும் இல்லை, ஆனாலும் 100 படிகளில் அது ஏறத்தாழ 2.7 மடங்காகிவிடுகிறது. படியை 0.05 ஆகக் குறைத்தால் அதே நேரத்தைக் கடக்க 200 படிகள் தேவைப்படும். அப்போதும் ஆற்றல் சுமார் 1.65 மடங்காகிறது. ஆகவே படியைச் சிறிதாக்கிக்கொண்டே போவது தீர்வாகாது.

முதலில் திசைவேகத்தை மாற்றுங்கள். பிறகு அந்தப் புதிய திசைவேகத்தால் துகளை நகர்த்துங்கள். கூடுதலாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. மேற்சொன்ன சுருள்வில்லின் ஆற்றல் இப்போது ஏறியிறங்கினாலும், எத்தனை படிகள் ஓடினாலும் தொடக்க அளவிலிருந்து ஒரு சிறு வரம்புக்கு மேல் விலகுவதில்லை. கோளின் நீள்வட்டம் மட்டும் மெல்லத் திரும்பக்கூடும். அதையும் குறைக்க விரும்பினால், முந்தைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் கொண்டு அடுத்த இடத்தைக் கணிக்கும் வெர்லே முறைக்கு மாறுங்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் லூ வெர்லே 1967இல் 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணித்தது அம்முறையில்தான். ஒவ்வொரு படியிலும் மாற்றத்தை நான்கு முறை கணித்துச் சராசரி எடுக்கும் நான்காம் நிலை ரங்கே–குட்டா முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். குறுகிய ஓட்டத்தில் அது மிகத் துல்லியமானது என்றாலும், அதிலும் ஆற்றல் சிறிது சிறிதாக ஒரே பக்கம் நகர்வதால், நெடுங்காலச் சுற்றுகளுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கேள்வி: ஒன்றையொன்று ஈர்க்கும் துகள்கள் மிக அருகில் வந்ததும் திரையை விட்டே எறியப்படுகின்றனவே, ஏன்?

பதில்: தூரம் நூறில் ஒரு பங்கானால் விசை 10,000 மடங்காகிறது. அந்த விசை ஒரு முழுக் காலப்படிக்கும் மாறாமல் இருப்பதாக நிரல் எடுத்துக்கொள்கிறது. அடுத்த படிக்குள் துகள் வெகுதூரம் போய்விடுவதால், அதை இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு அங்கே ஈர்ப்பு இருப்பதில்லை. சூத்திரத்தின் பகுதியில் (கோட்டுக்குக் கீழே) உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு ஒரு சிறு மாறிலியின் வர்க்கத்தைக் கூட்டிவிட்டால், விசை ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. விண்மீன் திரள்களைக் கணினியில் ஆராய்வோர் வழக்கமாகக் கையாளும் உத்தி இது. ஆனால் நெருங்கிச் சுற்றும் இரு விண்மீன்களின் பாதையே உங்களுக்கு வேண்டுமென்றால் இந்த உத்தி அதைச் சிதைத்துவிடும். அங்கே, நெருங்கும் நேரத்தில் மட்டும் காலப்படியைச் சிறிதாக்குவதே முறை.